மாடி ஷவரில் வெந்நீர் மெலிவது ஏன்?

"கீசர் இருந்தும் அடுப்பில்தான் வெந்நீர் வைக்க வேண்டியிருக்கிறது!" சென்ற மார்கழி முழுவதும் அம்மா இப்படித்தான் அலுத்துக்கொண்டார். எங்கள் மாடிக் குளியலறையில் பச்சைத் தண்ணீர் தாராளமாக வரும்; வெந்நீர் மட்டும் நூல் போல் ஒழுகும். பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாத பாட்டிக்காக அம்மா சுடுநீரை வாளியில் மாடிக்குச் சுமப்பார். ஒரு நாள் படியில் கால் இடறி, வாளி கவிழ்ந்தது. நல்லவேளை, சுடுநீர் அம்மாவின் மேல் படவில்லை. அன்றே அப்பா பம்பு வாங்க விலை விசாரித்தார். "முதலில் காரணத்தைப் பார்ப்போமே, அப்பா" என்றேன்.

தோழியரே, நாம் படித்த இயற்பியல்தான் இங்கே கைகொடுத்தது. நீரின் அழுத்தம் தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததன்று. நீர்மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் உயரமுள்ள நீர், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை 100 கிராம் எடை அளவுக்கு அழுத்தும். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் மாடி ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் 200 கிராம்தான். அதற்கும் 3 மீட்டர் கீழே உள்ள குழாயிலோ 500 கிராம்! ஆகவே மாடியில் சிறு தடையும் பெரிதாகத் தெரியும்.

கீசரிலிருந்து வெந்நீர் தானாக வெளியே வருவதில்லை. உள்ளே நுழையும் குளிர்நீர்தான் அதைத் தள்ளுகிறது. எனவே கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

1. இரு நீரும் எல்லாக் குழாய்களிலும் மெலிந்து வந்தால், தொட்டியின் உயரமோ பொதுக் குழாயோ காரணம்.

2. ஷவரில் மட்டும் மெலிந்தால், அதன் துளைகள் அடைபட்டிருக்கும். ஷவரின் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் உப்பு கரையும்.

3. வெந்நீர் மட்டும் மெலிந்தால், குறை கீசர் வழியில் இருக்கிறது. கீசருக்கு நீர் செல்லும் வால்வு முழுதும் திறந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, குழாயில் உப்புப் படிவு இருக்கலாம். கடின நீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. அதனால்தான் வெந்நீர்க் குழாய் விரைவில் அடைபடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது என்ன? முன்பு குழாய் வேலை செய்தபோது மூடிய வால்வைப் பாதிதான் திறந்திருந்தார்கள்! அப்பா அதை முழுதும் திறந்ததும் வெந்நீர் பொழிந்தது. பம்புச் செலவும் மிஞ்சியது.

ஓர் எச்சரிக்கை: கீசரை நாமே பிரிக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரை அழைக்க வேண்டும். கீசரின் பாதுகாப்பு வால்வில் நீர் சொட்டினாலும் அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் பெருகிக் கீசர் வெடிக்கக்கூடும்.

இப்போது பாட்டி மாடியிலேயே சுகமாகக் குளிக்கிறார். அம்மாவுக்கு வாளி சுமக்கும் வேலை இல்லை. வகுப்பில் படிப்பது தேர்வுக்கு மட்டுமன்று, வீட்டாரின் துன்பம் தீர்க்கவும்தான் என்பதை அன்று உணர்ந்தேன்.