மெழுகைத் தாங்கும் கரி

தை மாதத்து விடியற்காலையில், வெலிமடைப் பக்கத்து லயங்களில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலைக் கவிழ்ப்பவர்கள், உள்ளே வெள்ளையாய் உறைந்து கிடக்கும் தேங்காயெண்ணெயை அடுப்போரம் வைத்து இளக்கிக்கொள்வது வழக்கம். ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகும் அவ்வெண்ணெய், உருகி முடியும்வரை தன் சூடு அதிகம் ஏறாமலே அடுப்பின் உஷ்ணத்தை உட்கொண்டு, மீண்டும் உறைகையில் அதனை அப்படியே வெளிவிடுகிறது. விஞ்ஞானிகள் மறைவெப்பம் என்பது இதனைத்தான்.

பகல் வெயிலை இரவுக் குளிருக்கென்று சேமித்துவைக்க இதைவிடச் சுலபமான உபாயம் இல்லையென்றே தோன்றும். பரபின் மெழுகு உருகுகையில் கிலோகிராமுக்குச் சுமார் 200 கிலோயூல் வெப்பத்தை ஏற்கிறது. அதேயளவு வெப்பத்தைத் தண்ணீரில் சேமிக்க வேண்டுமானால் அதனை ஏறக்குறைய 48 பாகை சூடேற்ற வேண்டும். ஆனால் மெழுகு வெப்பத்தை மிக மந்தமாகவே கடத்தும். வெப்பத்தை எடுத்துச்செல்லும் குழாயைச் சுற்றியுள்ள மெழுகு வெப்பத்தைக் கொடுத்து முதலில் உறைந்ததும், அந்த உறைந்த படலமே உள்ளிருக்கும் திரவத்தின் வெப்பம் வெளியேறாதபடி தடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, உருகிய மெழுகு சிறு வெடிப்பிலும் கசிந்தோடும்.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்ப்பது துளைகள் நிறைந்த ஒரு தாங்கி. பென்சிற்கரியின் அடுக்குகளுக்கிடையே கந்தகவமிலத்தைப் புகுத்தி, 900 பாகையளவில் சடுதியாகச் சூடாக்கினால், உள்ளே பிறக்கும் வாயு அடுக்குகளைப் பிரித்துத் தள்ள, கரித்துகள் ஒவ்வொன்றும் புழுவடிவாய் நீண்டு நூறு மடங்குக்கும் மேல் பருக்கிறது. அதனை உருகிய மெழுகில் இட்டால், விளக்குத் திரி எண்ணெயைப் பிடிப்பதுபோல நுண்டுளைகள் மெழுகைப் பற்றிக்கொள்கின்றன. எடையில் பத்திலொரு பங்கு கரியிருந்தாலே, மெழுகு முழுதும் உருகியபோதும் பெரும்பாலும் சொட்டுவதில்லை. கரியின் தொடர்ச்சியான வலைவழியே வெப்பமும் பல மடங்கு விரைவாகப் பாய்கிறது. கரியை மிகுத்தால் மெழுகுக்கு இடம் குறைந்து சேமிப்பும் சுருங்கும் என்பதால், அளவை நிர்ணயிப்பதிலேதான் சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது. களிமண் வகைகளையும் மரக்கரியையும்கூடத் தாங்கியாக்கலாம். அவை மலிவானவை, கசிவையும் தடுக்கும், ஆனால் கடத்துவதில் பென்சிற்கரிக்கு ஈடாகா.

அந்தப் பென்சிற்கரி நமக்கு அந்நியச் சரக்கன்று. கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்திலும் குருணாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும், பாறையின் நாளங்களில் உயர்ந்த தூய்மையோடு கிடைக்கும் அக்கனியத்தில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதனை லிதியம் மின்கலங்களுக்கு ஏற்றவாறு சுத்திகரிப்பதில் முனைந்திருக்கிறார்கள். மின்கலம் கேட்கும் அத்தனை பரிசுத்தத்தை மெழுகு கேட்பதில்லை என்பதால், தகரக்கூரையின் கீழ் நடுங்கும் வீடுகளுக்கான இவ்வேலையையும் அவ்வாய்வோடு சேர்த்துப் பார்ப்பது தகும் என்பது என் அபிப்பிராயம்.