ரத்தத்தைச் சோதிக்கும் கருவியைச் சோதிப்பது யார்?

ராசிபுரத்து லேபில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 130 என்றும், அடுத்த நாள் சேலத்தில் 114 என்றும் வந்தால் எதை நம்புவது? முதல் எண் சர்க்கரை நோய் என்கிறது. இரண்டாவது, நோய்க்கு முந்தைய நிலை என்கிறது. உடம்பிலேயே சர்க்கரை நாளுக்கு நாள் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ரத்தம் பயணப்பட்ட விதமும், அளந்த கருவியும், கையாண்ட முறையும் கூட அந்த எண்ணில் கலந்திருக்கின்றன.

வெயிலில் போகும் ரத்தம்

குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சேகரிப்பு மையத்தில் எடுத்த ரத்தம் சித்திரை வெயிலில் பைக்கில் சேலம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனால், 130 என்பது 115 அருகே இறங்கிவிடலாம். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கும். ஆனால் அது முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து, சீக்கிரம் சீரத்தையோ பிளாஸ்மாவையோ பிரிப்பதே பாதுகாப்பு. பொட்டாசியம் இதற்கு நேர்மாறு: சிவப்பணு உடைந்தால் பொய்யாக ஏறும்.

கருவிக்கும் பரீட்சை உண்டு

புது அனலைசர் வந்ததும் ரிப்போர்ட் கொடுக்கத் தொடங்கிவிடக் கூடாது. ஒரே மாதிரியை 20 முறை ஓட்டி, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பார்கள். குறைந்த அளவிலிருந்து கூடிய அளவு வரை, 40 நோயாளிகளின் மாதிரிகளைப் பழைய கருவியிலும் புதிதிலும் ஒப்பிடுவார்கள். பிறகு தினமும் காலையில், அளவு தெரிந்த கண்ட்ரோல் சீரத்தை ஓட்டி வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் 1950இல் கொடுத்த முறை அது. புள்ளி எல்லை தாண்டினால், காரணம் தெரியும்வரை நோயாளி ரிப்போர்ட் வெளியே போகக் கூடாது. மின்வெட்டில் ஃபிரிட்ஜ் நின்று ரீஏஜெண்ட் கெட்டிருந்தாலும் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

முறையும் முக்கியம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கு இன்றும் பல இடங்களில் 1886இல் யாஃபே கண்டறிந்த வினைதான். அதில் கீட்டோன் கூடினால் அளவு ஏறும்; மஞ்சள் காமாலையில் இறங்கும். நொதி முறையில் இந்தக் குழப்பம் குறைவு. சிறுநீரக நோயாளிகள் ஒரே லேபில், ஒரே முறையில் தொடர்ந்து பார்ப்பது நல்லது.

வேலூரிலிருந்து வரும் மாதிரி

தன் கண்ட்ரோலைத் தானே பார்ப்பது போதாது. 1947இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பெல்க், சண்டர்மேன் என்ற இருவர் பென்சில்வேனியாவின் மருத்துவமனை லேப்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பினார்கள். திரும்பி வந்த விடைகளில் பல ஏற்கவே முடியாதவை. அந்த வழியில்தான் வேலூர் சி.எம்.சி. இந்திய லேப்களுக்கு மாதிரி அனுப்பி, விடைகளை அதே முறை பயன்படுத்தும் மற்ற லேப்களோடு ஒப்பிடுகிறது. சிறிய ஊர் லேபும் இதில் சேரலாம். தள்ளுபடிப் பேக்கேஜைக் கேட்கும் நாம், இதில் சேர்ந்திருக்கிறீர்களா என்றும், லேப்களின் தரத்தை மதிப்பிடும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்றும் கேட்க வேண்டும். அது நம் உரிமை.

வீட்டு மீட்டர்

2013ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. தரப்படி, சர்க்கரை 100க்கு மேலிருக்கும்போது 15 சதவீத வித்தியாசம் வரை மீட்டருக்கு அனுமதி உண்டு. ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். கொதிக்கும் லாரி கேபினில் கிடந்த ஸ்ட்ரிப்பை நாமக்கல் டிரைவர்கள் நம்பக் கூடாது. அடுத்த முறை லேபில் வெறும் வயிற்றில் நரம்பிலிருந்து ரத்தம் கொடுக்கும்போது, அதே நேரத்தில் உங்கள் மீட்டரிலும் பார்த்து எழுதி வையுங்கள். வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டினால் புது ஸ்ட்ரிப்பில் மறுபடி பாருங்கள். இன்சுலின் அளவை மாற்றும் முன் இரண்டு எண்களையும் டாக்டரிடம் காட்டுங்கள்.