மடிக்கணினிக்கும் மூச்சு வேண்டும்

மகளின் படிப்புக்காகச் சீட்டெடுத்து வாங்கிய மடிக்கணினி ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்கிறதென்றும், புதிதுதான் வாங்க வேண்டுமெனக் கடையில் சொன்னார்களென்றும் கலங்கினார் ஒரு தாய். போய்ப் பார்த்தேன். மெத்தையில் வைத்தே பாவித்திருக்கிறாள் பிள்ளை. காற்றுத் துவாரங்களில் தூசி அடைந்திருந்தது.

வேலைப்பளு கூடும்போது கணினியின் செயலி சூடாகும். பெரும்பாலான செயலிகள் 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது, தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைக்கின்றன. அது பழுதல்ல, தற்காப்பு.

கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தூசியை அகற்றினோம். மேசைக்கு மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது.

அப்படியும் சூடு தணியாவிட்டால், செயலியின் மேலுள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். திருத்துநரிடம் அதை மாற்றச் சொல்லுங்கள். சகோதரிகளே, புதிது வாங்கக் கடன்படுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்!