ஓட்டுநர் உரிமத்தின் எண் சொல்லுவதும் சொல்லாததும்

கடன் மனுவுடன் ஓட்டுநர் உரிமத்தின் பிரதியை இணைத்துத் தரும் அங்கத்தினர்கள் நம்மிடையே பலர். அண்மையில் ஒரு மனுவில், உரிம எண்ணில் கண்ட 2009 என்பதைப் பிறந்த ஆண்டாகக் கொண்டு வயது எழுதப்பட்டிருக்கக் கண்டோம். நாற்பதைக் கடந்த தறிக்காரர் ஒருவர் காகிதத்தில் சிறு பிள்ளையாகிவிட்டார்! மனு திரும்பியது, பாவு நூலுக்கு எதிர்பார்த்த பணமும் தாமதமாயிற்று.

அவ்வெண்ணின் அமைப்பு எளியது. செந்துறை வட்டத்தார் அரியலூரில் பெறும் உரிமம் டி.என். 61 எனத் தொடங்கும். முன்னது தமிழ்நாட்டையும், பின்னது அரியலூர் போக்குவரத்து அலுவலகத்தையும் குறிக்கும். அடுத்த நான்கு இலக்கங்கள் உரிமம் முதன்முதல் வழங்கப்பட்ட ஆண்டு. இறுதி ஏழும் வரிசை எண். அரியலூர் 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமாவதற்கு முன் பெரம்பலூரில் பெற்றவர் அட்டையில் 46 என்றிருக்கும். முந்திரி மூட்டையின் மேல் இடும் குறியைப் போல, எங்கே, எப்போது என்பதை இவ்வெண் சொல்லும். ஆள் யார் என்று சொல்லாது.

பிற நாடுகளில் எண்ணே ஆளைக் காட்டிவிடுவதுண்டு. பிரிட்டனின் ஓட்டுநர் எண்ணில் குடும்பப் பெயரின் முதல் ஐந்தெழுத்தும் பிறந்த நாளும் அடங்கியுள்ளன; பெண்ணாயின் மாதத்தின் முதல் இலக்கத்துடன் 5 கூட்டப்படும். இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணும் இத்தகையதே. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்நாளுடன் 500 சேரும். 68532 எனத் தொடங்கினால், 1968 பிப்ரவரி முதல் நாள் பிறந்த பெண்மணி என்று எவரும் வாசித்துவிடலாம். வயதைக் கூற விரும்பாதவர்க்கு இது சங்கடமே!

நம் ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் ஊரோ வயதோ ஒளிந்திருப்பதில்லை. கடைசி இலக்கம், எழுதுவதில் நேரும் பிழையைக் கண்டுபிடிக்க உதவுவது.

எனினும், எண் மறைத்ததை அட்டையின் முகம் சொல்லிவிடுகிறது. பிறந்த தேதி, தகப்பனார் பெயர், விலாசம் யாவும் அங்கே அச்சாகியுள்ளன. வயதை அங்கிருந்தே எழுதவேண்டும். பிரதியின் குறுக்கே, எக்காரியத்திற்காகத் தரப்பட்டது என்பதையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிடுதல் நலம். ஆதாரில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் பிரதியையும் பெறலாம். கடன் தீர்ந்தபின் சங்கத்தில் தங்கிவிடும் பிரதிகள் என்னவாகின்றன என்பதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேட்க எண்ணியுள்ளோம்.