பறியைக் கவ்விய பெண்கள்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேருமிடத்தில் இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் இறங்குகிறார்கள். பறி எனும் பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். பழங்குடி என்றதும் மலையையும் காட்டையும் நினைக்கிற நமக்கு, திருவொற்றியூரைத் தாண்டியதுமே அவர்கள் இருப்பது தெரிவதில்லை.

2021 நவம்பரில் இருளர் கதையான 'ஜெய் பீம்' வந்தபோது தமிழ்நாடே கலங்கியது. த.செ.ஞானவேல் இயக்கிய அந்தப் படத்தில் ஒரு காட்சி என்னை இன்னும் விடவில்லை. ஊர்ப் பெரியவர் வீட்டில் பாம்பு புகுந்துவிட, ராஜாக்கண்ணு என்ற இருளரைக் கூட்டிப்போகிறார்கள், பிடித்துக்கொடுக்கிறான். அதே வீட்டில் நகை காணாமல் போனதும் பழி அவன் தலையில் விழுகிறது. நிஜத்திலும் அப்படித்தான். பாம்புக்கடி மருந்துக்காக நாடு பயன்படுத்தும் நஞ்சில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நம் உயிரைக் காக்கிற அந்தக் கைகளைத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறோம்.

படத்துக்கு அடிப்படையான வழக்கு 1993இல் கடலூர் மாவட்டம் முதனையில் நடந்தது. காவலில் இறந்த ராஜாக்கண்ணு குறவர். படம் அவரை இருளராக்கியது. வழக்காடியவர் பின்னாளில் நீதிபதியான சந்துரு. சமூகத்தின் பெயர் மாறினாலும் பார்வை ஒன்றுதான். 2003இல் வந்த மத்திய ஆப்பிரிக்கப் படமான 'காட்டின் மௌனம்' காட்டுவதும் இதையே: ஊரார் மனிதராகவே மதிக்காத பிக்மிகளுக்கு எழுத்தறிவிக்க ஒரு கல்வி அதிகாரி காட்டுக்குள் போகிறார்.

'ஜெய் பீம்' வெளியாகி இரண்டு நாள் கழித்து, தீபாவளியன்று, மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் இருளருக்கும் நரிக்குறவருக்கும் அன்றைய முதலமைச்சர் பட்டா வழங்கினார். நல்ல காரியம். ஆனாலும் பழங்குடிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிற இருளர் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அந்தத் தாள் இல்லாமல் பிள்ளையின் உதவித்தொகையும் இல்லை, கல்லூரியில் ஒதுக்கீட்டு இடமும் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையில் பரவியது. படகும் வலையும் கறுத்துப் போனவர்கள் சேதத்தை எண்ணிக் காட்டலாம். கையால் பிடிக்கிறவர்கள் எதைக் காட்டுவார்கள்? அவர்களுக்குக் கருவி உடம்புதான். ஆற்றில் கலப்பதெல்லாம் முதலில் தொடுவதும் அந்த உடம்பைத்தான். நீர் வற்றும் நேரம் பார்த்து, பறியைக் கவ்விக்கொண்டு, அதே ஆற்றில்தான் இறங்குகிறார்கள்.