கழுகின் இல்லறம்

பூலாம்பாடி அருகே ஓங்கி நிற்கும் பச்சைமலை போன்ற காடுகளுக்கு உரியது கொண்டைப் பாம்புக்கழுகு. கழுகு என்றாலே கொடியது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைக்கிறோம். அதன் இல்லறத்தைச் சற்று நோக்குவோம்.

பின்பனிக் காலத்தில் ஆணும் பெண்ணும் வானில் வட்டமிட்டுக் கூவித் தம் எல்லையை வகுத்துக்கொள்கின்றன. உயர்ந்த மரமொன்றில் சுள்ளிகளை அடுக்கிப் பசுந்தழை பரப்பிக் கூடு கட்டுகின்றன. கோடைத் தொடக்கத்தில் பெண் இடுவது பெரும்பாலும் ஒரே முட்டை. சுமார் 41 நாள் அது அடைகாக்கிறது; அது இரை தேடச் செல்கையில் ஆண் காவல் காக்கிறது. பொரித்த குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும்.

அம்மரத்தை இடையில் வெட்டினால், இரு பறவைகளின் ஓராண்டு உழைப்பும் ஒரே வாரிசும் ஒருங்கே அழியும் அன்றோ? பழைய கூட்டுக்கே அவை மீள்வதும் உண்டாதலால், வெறுங்கூடு என்றெண்ணியும் அங்கே கோடரி வைத்தல் தகாது.