பிளாஸ்டிக் மாதிரிக் கார்கள் பிறந்தது எப்படி? டெட்ராயிட் முதல் கொல்கத்தா வரை நீளும் வார்ப்பச்சுகளின் வரலாறு

புது தில்லி: தலைநகரின் கோல் மார்க்கெட் பகுதியில், 1921-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பன்னிரு பக்க அங்காடிக் கட்டடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் வெள்ளை அம்பாசடர் கார்கள் இடைவிடாது ஓடிக்கொண்டிருந்தன. நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் அருகில் இருப்பதால், அங்கு அரசு வாகனம் என்றாலே அம்பாசடர்தான் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. இன்று அந்தக் காரைச் சாலையில் காண்பதே அரிதாகிவிட்டது.

சாலையிலிருந்து மறைந்த ஒரு காரின் உருவத்தை எவ்வாறு காப்பாற்றுவது? அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் இந்தப் பணியில் பெரும் பங்கு வகிப்பவை, வீட்டு மேசையிலேயே பொருத்தி முடிக்கக்கூடிய பிளாஸ்டிக் மாதிரிக் கார்கள். 1940-களின் இறுதியில் தொடங்கிய அவற்றின் வரலாறு, உண்மையில் எஃகு வார்ப்பச்சுகளின் வரலாறு. வார்ப்பச்சு யாரிடம் இருந்ததோ, அவர் தேர்ந்தெடுத்த கார்களே நினைவில் நிலைத்தன. இந்தியாவுக்கோ அந்த வார்ப்பச்சுகள் பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய பிறகே வந்து சேர்ந்தன.

'கிட்' என்றால் என்ன?

கடைகளில் விற்கப்படும் சாதாரண பொம்மைக் காரும் 'கிட்' எனப்படும் மாதிரித் தொகுப்பும் ஒன்றல்ல. கிட் பெட்டியைத் திறந்தால், சட்டங்களில் இணைந்த நிலையில் பல பாகங்கள் இருக்கும். எஞ்சின், இருக்கை, சக்கரம், கண்ணாடி, முகப்புத் தட்டி என ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, பசையிட்டு ஒட்டி, வண்ணம் தீட்ட வேண்டும். உண்மையான கார், குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கப்பட்டிருக்கும். அமெரிக்கத் தொகுப்புகளில் 25-இல் ஒரு பங்கு என்ற அளவு பரவலானது. நான்கு மீட்டர் நீளமுள்ள கார், இந்த விகிதத்தில் 16 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கி, இரு பாதிகளாக மூடப்பட்ட எஃகு வார்ப்பச்சுக்குள் உயர் அழுத்தத்தில் செலுத்தி இப்பாகங்கள் தயாரிக்கப்படுகின்றன. பிளாஸ்டிக் குளிர்ந்து இறுகியதும் அச்சு திறந்து பாகம் வெளியே வரும். இதில் மூலப்பொருளின் விலை குறைவு. பெரும் செலவு வார்ப்பச்சைச் செதுக்குவதற்கே. ஆனால் ஒருமுறை செதுக்கிவிட்டால் அதே அச்சிலிருந்து இலட்சக்கணக்கான பாகங்களை எடுக்க முடியும்.

விமானங்களே முதலில் வந்தன

பிளாஸ்டிக் தொகுப்புகளின் தொடக்கம் காரில் நிகழவில்லை. பிரிட்டனின் 'ஃப்ராக்' நிறுவனம் 1936-இல் 'பென்குயின்' என்ற பெயரில் விமான மாதிரிகளை வெளியிட்டது. 72-இல் ஒரு பங்கு அளவிலான அவை செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருளால் ஆனவை. காலப்போக்கில் சுருங்குவதும் வளைந்து கோணலாவதும் அப்பொருளின் குறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாலிஸ்டைரீன் பரவலான பிறகே, வடிவம் மாறாத மாதிரிகள் சாத்தியமாயின.

விமானத்தைவிடக் காரின் உடலை வார்ப்பது கடினம். விமானத்தை இடம், வலம் என இரு பாதிகளாக வார்த்து ஒட்டிவிடலாம். ஒட்டிய கோட்டைத் தேய்த்து மறைக்கலாம். பளபளப்பான காரின் கூரையிலோ முன்மூடியிலோ அவ்வாறு கோடு விழுந்தால் அழகு கெட்டுவிடும். எனவே முழு உடலையும் ஒரே துண்டாக வார்க்க வேண்டியிருந்தது. மேலே, முன்னே, பின்னே, இரு பக்கங்களிலும் என ஐந்து திசைகளில் விலகித் திறக்கும் அச்சு இதற்குத் தேவை. அதைச் செய்யும் திறன், கார் தொழில் செழித்திருந்த அமெரிக்காவின் டெட்ராயிட் வட்டாரத்தில் இருந்தது.

விற்பனையாளரின் மேசையில் பிறந்த கார்

1948-இல் வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் அங்கு 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஃபோர்டு காரின் சிறிய மாதிரிகளை அலுமினியத்தில் வார்த்து, உண்மையான காருக்குரிய வண்ணத்தையே பூசி, கார் விற்பனையாளர்களுக்கு வழங்குவது அதன் தொழில். வாடிக்கையாளர் மேசையில் இருக்கும் மாதிரியைப் பார்த்து நிறத்தைத் தேர்வு செய்வார். உடன் வந்த குழந்தைக்கும் ஒன்று கிடைக்கும். விரைவிலேயே அலுமினியத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. நிறுவனத்தின் பெயரும் 'ஏ.எம்.டி.' எனச் சுருங்கியது.

பொருத்தும் தொகுப்புகளைப் பெருமளவில் பரப்பியது வேறொரு நிறுவனம். லூயிஸ் கிளேசர் கலிபோர்னியாவில் 1943-இல் நிறுவிய 'ரெவெல்', 1951-இல் 'ஹைவே பயனியர்ஸ்' என்ற வரிசையை வெளியிட்டது. ஃபோர்டு மாடல் டி போன்ற, மோட்டார் யுகத்தின் தொடக்ககாலக் கார்கள் 32-இல் ஒரு பங்கு அளவில் அதில் இடம்பெற்றன. தாத்தா ஓட்டிய காரைப் பேரன் சமையலறை மேசையில் பொருத்தினான். மறைந்த கார்களை வீட்டுக்குள் காக்கும் வழக்கம் இவ்வாறு தொடங்கியது.

ஒரே பெட்டியில் மூன்று கார்கள்

1958-இல் ஏ.எம்.டி. எடுத்த முடிவு இத்துறையின் போக்கை மாற்றியது. விற்பனையாளர்களுக்கான மாதிரிகளை வார்த்த அச்சுகளையே பயன்படுத்தி, அவ்வாண்டின் புதிய கார்களைப் பொருத்தும் தொகுப்புகளாக அது வெளியிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் கூடுதல் பாகங்கள் இருந்தன. தொழிற்சாலையில் வந்தபடியே காரை அமைக்கலாம். விருப்பப்படி மாற்றி அலங்கரிக்கலாம். பந்தயக் காராகவும் ஆக்கலாம். 'ஒன்றில் மூன்று' என்று அழைக்கப்பட்ட இத்தொகுப்புகள் இளைஞர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. டெட்ராயிட்டின் ஜோ-ஹான், 1963-இல் தொடங்கப்பட்ட எம்.பி.சி. ஆகிய நிறுவனங்களும் போட்டியில் இறங்கின.

பழைய பெட்டிகள் ஏன் அரிதாயின?

இன்று சேகரிப்பாளர்கள் இப்பெட்டிகளைத் தேடி அலைவதன் காரணம் அந்தத் தொழில் நடந்த முறையிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் முகப்பு விளக்கையும் பின்புறத்தையும் மாற்றின. மாதிரி நிறுவனங்கள் அதற்கெனப் புதிய அச்சைச் செய்யவில்லை. பழைய அச்சையே வெட்டித் திருத்தின. அச்சு திருத்தப்பட்ட பிறகு, முந்தைய ஆண்டின் காரை மீண்டும் வார்க்க இயலாது.

தொகுப்பு என்பது பொருத்துவதற்காகவே வாங்கப்படும் பொருள் என்பது மற்றொரு காரணம். வாங்கியவர்கள் பிரித்தார்கள், ஒட்டினார்கள், விளையாடி உடைத்தார்கள். பெட்டி பிரிக்கப்படாமல் தப்பியவை மிகச் சிலவே.

கார் தொகுப்புகள் பிற நாடுகளிலும் வேரூன்றின. பிரிட்டனில் நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கிய 'ஏர்ஃபிக்ஸ்', 1949-இல் ஃபெர்குசன் டிராக்டரின் மாதிரியைச் செய்தது. அதுவும் முதலில் விற்பனைப் பிரதிநிதிகளுக்காகச் செய்யப்பட்டதே. 1956-இல் அந்நிறுவனம் 1930-ஆம் ஆண்டு பென்ட்லி காரைத் தொகுப்பாக வெளியிட்டது. ஜப்பானில் மர வணிகத்தில் தொடங்கிய 'டாமியா', 1967-இல் ஹோண்டா ஃபார்முலா ஒன் பந்தயக் காரை 12-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஜப்பான் தன் சொந்தக் காருக்குத் தானே அச்சு செய்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

லிவர்பூலிலிருந்து கொல்கத்தாவுக்கு

வார்ப்பச்சு ஒரு சொத்து. விற்கலாம், கடல் கடந்தும் அனுப்பலாம். ஃப்ராக் நிறுவனத்தின் விமான அச்சுகள் பல 1970-களில் சோவியத் ஒன்றியம் சென்றன. இந்தியாவுக்கு வந்தவை வேறு வகை அச்சுகள்.

லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் தயாரித்த 'டிங்கி' கார்கள் பிளாஸ்டிக் தொகுப்புகள் அல்ல. துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்டு, முழுமையாகப் பொருத்தப்பட்டே விற்பனைக்கு வந்தவை. அங்கு பயன்பாடு முடிந்த அச்சுகளில் சில 1960-களின் இறுதியில் கொல்கத்தாவை அடைந்தன. அவற்றிலிருந்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்கள் வெளிவந்தன. அடித்தகட்டிலிருந்த 'டிங்கி' என்ற பெயரின் இடத்தில் 'நிக்கி' வந்தது. ஜாகுவார், பென்ட்லி, மெர்சிடிஸ், போக்ஸ்வாகன் என வரிசை நீண்டது. இன்று இவை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடும் பொருள்கள். கொல்கத்தாவிலிருந்தே 'மில்டன்' என்ற பெயரிலும் உலோகக் கார்கள் வந்தன. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் 'ஹாட் வீல்ஸ்' கார்களும் 'லியோ மேட்டல்' என்ற பெயரில், பழைய அச்சுகளைக் கொண்டு இந்தியாவில் தயாரிக்கப்பட்டன.

நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு நிலவிய காலம் அது. நடுத்தரக் குடும்பத்துச் சிறுவனுக்கு வெளிநாட்டுப் பெட்டி எட்டாக்கனி. உறவினர் எவரேனும் விமானத்தில் கொண்டுவந்தால்தான் உண்டு. அந்த இடைவெளியைக் கொல்கத்தாக் கார்கள் ஓரளவு நிரப்பின. ஆனால் டிங்கியிடமிருந்து வந்த அச்சுகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கார்களுக்கானவை. ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், வடக்கே உத்தரபாராவில் அம்பாசடர் உருவாகிக்கொண்டிருந்தபோது, கொல்கத்தாவின் பொம்மைப் பட்டறையில் ஜாகுவார் வார்க்கப்பட்டது.

பெரிய கார்களுக்கும் அதே கதை

இதில் பொம்மைத் தொழிலை மட்டும் குறை சொல்ல இயலாது. அம்பாசடரே பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம்தான். 1942-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-இல் அதைக் கொண்டுவந்தது. மும்பையின் பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100 காரிலிருந்து வந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டே. அதிலிருந்து நான்கு கதவுகளுடன் இங்கேயே மாற்றி வடிவமைக்கப்பட்ட 'கேசல்' 1972-இல் வந்தது.

காரின் தகட்டு உடலை அழுத்தி வடிப்பதற்கும் அச்சு வேண்டும். அதன் செலவு மிக அதிகம் என்பதால், அயல்நாட்டில் கைவிடப்பட்ட வடிவத்தை இங்கே பல பத்தாண்டுகள் தொடர்ந்தனர். அம்பாசடர் அரை நூற்றாண்டுக்கு மேல் உருமாறாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் அந்த நீண்ட வாழ்வே அதை இந்தியாவின் காராக்கியது. கோல் மார்க்கெட்டின் டாக்சி ஓட்டுநருக்கோ மதுரையின் திருமண ஊர்வலத்துக்கோ அது பிரிட்டிஷ் கார் அல்ல.

அச்சு செய்யும் திறன் இல்லையா?

திறன் உண்டு. பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தையும் வார்ப்பச்சு வடிவமைப்பையும் கற்பிக்க, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மத்திய அரசு 1968-இல் சென்னையில் 'சிப்பெட்' நிறுவனத்தைத் தொடங்கியது. கிண்டியில் பயின்றவர்கள் வாளி முதல் வாகன உதிரிபாகம் வரை அனைத்துக்கும் அச்சு செய்கின்றனர். 'சென்டி டாய்ஸ்' போன்ற இந்திய நிறுவனங்கள் அம்பாசடர், ஆட்டோ, பேருந்து ஆகியவற்றைப் பிளாஸ்டிக்கில் தயாரித்துவருகின்றன. ஆனால் இவை பின்னிழுத்து விட்டால் ஓடும் முழுமையான பொம்மைகள். பொருத்திப் பழகும் தொகுப்புகள் அல்ல.

தொகுப்புகளை விரும்புவோர் இறக்குமதியையே நம்ப வேண்டியுள்ளது. 2001 ஏப்ரலில் எஞ்சியிருந்த 715 பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. இப்போதைய தடை வரி வடிவில் உள்ளது. சுங்கப் பட்டியலில் பொம்மைகளும் அளவு விகித மாதிரிகளும் 9503 என்ற ஒரே தலைப்பின்கீழ் வருகின்றன. 2020-இல் இதற்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம்.

மலிவான, பாதுகாப்பற்ற பொம்மைகளைத் தடுத்து உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதே இந்நடவடிக்கைகளின் நோக்கம். ஆனால் உள்நாட்டில் மாற்றே இல்லாத ஒரு பொருளுக்கு உயர்ந்த வரி, விலையை மட்டுமே கூட்டும். அந்த வெற்றிடத்தை இந்திய உற்பத்தியாளர் எவரேனும் நிரப்பினால்தான் அந்த வரிக்குப் பயன் கிட்டும்.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால்...

பரணில் பழைய மாதிரித் தொகுப்பு கிடைத்தால் சிலவற்றைக் கவனிப்பது நல்லது. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்ட வேண்டாம். விளக்கத் தாளையும் ஒட்டுப்படத் தாளையும் பெட்டியுடனேயே வைத்திருக்க வேண்டும். பாலிஸ்டைரீன் வெப்பத்தில் வளையக்கூடியது என்பதால், வெயில் இறங்கும் கூரைக்கு அடியில் வைக்கக் கூடாது. மென்மையான டயர்களைத் தனி உறையில் இடுவது அவசியம். அவற்றிலிருந்து கசியும் மென்மையாக்கும் வேதிப்பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பாகத்தை நாளடைவில் உருக்கிவிடும். உலோகக் கார் என்றால் புதிதாக வண்ணம் பூசாமல் இருப்பதே மேல். தேய்ந்த பழைய வண்ணத்துக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம்.

அடித்தகட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அங்கு பொறிக்கப்பட்ட பெயர், அந்த அச்சு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். ஏ.எம்.டி. தன் ஊரில் ஓடிய ஃபோர்டுக்கு அச்சு செய்தது. டாமியா தன் நாட்டு ஹோண்டாவுக்குச் செய்தது. அம்பாசடர், பத்மினி, கேசல் ஆகியவற்றை ஓட்டியவர்களும் பழுதுபார்த்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். கதவுக் கைப்பிடி எப்படி இருந்தது, முகப்புத் தட்டியில் எத்தனை கம்பிகள் என்பதை அவர்களிடம் கேட்டு அச்சில் பதிக்க இன்னும் காலம் இருக்கிறது.